மூலமும் உரையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு பழைய கணினியைப் பற்றிய செய்தி. வாசித்தல் என்னும் நமது தொழிலை எனக்கு மறுமுறை கற்பித்தது அக்கணினியே. ஆதலின், இம்மலரில் அதற்கும் ஓரிடம் தருதல் தகும் என எண்ணுகின்றேன்.

2021ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் பல மாதங்கள் மூடப்பட்டிருந்தன. என் வீட்டுக் கணினி, புதிய பணிசெயல் முறைமைகளின் பாரத்தைத் தாங்கமாட்டாது மூலையிற் கிடந்தது. என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவனொருவன் தொலைபேசியிற் பேசியபோது அதனைச் சொன்னேன். "ஜென்ரூவைப் போட்டுப் பாருங்கள், ஐயா. வேண்டியதை மட்டும் வைத்துக் கட்டிக்கொள்ளலாம்" என்றான். "அதனை யாரிடம் படிப்பது?" என்று கேட்டேன். "அதற்கு ரியூற்றரி இல்லை, ஐயா. வாசித்தாற்றான் வரும்" என்று விடையிறுத்தான்.

ஜென்ரூ என்பது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பணிசெயல் முறைமை. லினக்ஸின் கருவாகிய கேர்னலை 1991ஆம் ஆண்டு முதன்முதல் வெளியிட்டவர் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ். அதனோடு பிற மென்பொருள்களையுஞ் சேர்த்துப் பலர் பலவகையாக வழங்குகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை ஆக்கிய சோறு போன்றவை. இலையிற் படைத்தவுடன் உண்ணலாம். டானியல் றொபின்ஸ் என்பவராற் தொடங்கப்பெற்று, 2002ஆம் ஆண்டு முதலாம் பதிப்பாக வெளிவந்த ஜென்ரூவோ நெல்லையும் உரலையும் கையிற் தருவது. மென்பொருள்களின் மூலநிரல் நம்மிடம் வந்துசேர்கின்றது. தொகுப்பான் என்னுங் கருவி அதனை நம் கணினியிலேயே பொறிமொழியாக மாற்றுகின்றது. அச்சுப்பொறி இல்லாதவன் அச்சிடும் பகுதியை விலக்கிவிட்டு ஏனையவற்றை ஆக்கிக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதந் தொட்டு, விரும்பியோர்க்கு ஆக்கிய சோற்றையும் அவர்கள் பெருமளவில் வழங்கிவருகின்றனர். நான் தொடங்கிய காலத்தில் அத்துணை வசதி இல்லை, குற்றித்தான் உண்ணவேண்டும்.

மூலம் என்ற சொல் என்னைக் கவர்ந்தது. மூலமும் உரையும் என்று முகப்பில் அச்சிட்ட நூல்களோடு வாழ்நாளெல்லாம் பழகியவன் நான். இங்கும் மூலம் இருந்தது, உரையும் இருந்தது. ஜென்ரூவின் கைந்நூல் என்பதே அவ்வுரை. வன்தட்டைப் பகுத்தல், அடிப்படைக் கோப்புகளை விரித்தல், அவற்றுள் நுழைந்து அமைப்புகளை எழுதுதல், கேர்னலை ஆக்குதல், இறுதியாகக் கணினியைத் தானே எழச்செய்தல் என அது படிமுறையாகச் செல்கின்றது. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னர் அதன் காரணத்தைக் கூறுகின்றது.

அதனோடு, கட்டளை ஒவ்வொன்றுக்குந் தனித்தனியே விளக்கப்பக்கம் உண்டு. யுனிக்ஸ் முறைமையை ஆக்கிய கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1971ஆம் ஆண்டு நவெம்பரில் வெளியிட்ட கையேட்டிலிருந்து வரும் மரபு அது. முதலிற் கட்டளையின் பெயர், பின்னர் அதன் வடிவம் சூத்திரம்போற் சுருக்கமாக, அதன்பின் விளக்கம், பலவற்றில் எடுத்துக்காட்டு. கருத்து, பதப்பொருள், காட்டு என்று நன்னூலார் காண்டிகையுரைக்கு வகுத்த உறுப்புகளை இவை எனக்கு நினைவூட்டின. பல பக்கங்களின் இறுதியிற் குறைபாடுகள் என்றொரு பகுதியும் உண்டு. தம் கருவி எவ்விடத்தில் தவறும் என்பதை ஆக்கியோரே எழுதிவைத்திருக்கின்றனர். இந்நேர்மை எனக்குப் பெரிதும் உவப்பளித்தது.

ஆங்கில அகராதியை அருகில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றவன் நான். எதனையும் சுருக்கிக் குறிப்பெடுத்தல் என் கைவந்த கலை. எனவே கைந்நூலில் இருந்த விளக்கங்களையெல்லாம் விடுத்து, கட்டளைகளை மட்டும் ஓர் அப்பியாசக் கொப்பியில் வரிசையாக எழுதிக்கொண்டேன். இரண்டு நாளிற் கொப்பி நிறைந்தது. பின்னர் கைந்நூலை மூடிவிட்டுக் கொப்பியைத் திறந்துகொண்டேன்.

கேர்னலை ஆக்குதற்கு எளிய வழியும் கையால் அமைக்கும் வழியும் உண்டு. நான் இரண்டாவதைத் தெரிந்தேன். அங்கே நூற்றுக்கணக்கான பகுதிகள் ஒவ்வொன்றையும் கேர்னலின் உள்ளேயே சேர்ப்பதா, வேண்டும்போது எடுக்கத்தக்க தனிக்கூறாக வெளியே வைப்பதா, அன்றி விலக்குவதா என்று முடிவு செய்யவேண்டும். கோப்பு முறைமையைத் தெரிவுசெய்க என்று மட்டும் என் கொப்பி கூறியது. கேர்னல் சிறிதாக இருத்தல் நன்றென எண்ணி, அதனைத் தனிக்கூறாக வெளியே வைத்தேன்.

கணினியை எழுப்பினேன். வெள்ளெழுத்துகள் திரையில் ஓடிவந்து நின்றுவிட்டன. வன்தட்டின் மூலப்பகுதியைத் திறக்க இயலாது கேர்னல் பீதியடைந்ததாக இறுதி வரி கூறியது. மறுபடியும் ஆக்கினேன், மறுபடியும் பீதி. மூன்று இரவுகள் இவ்வாறே கழிந்தன. என் பிழையை ஆங்கிலத்தின்மேலும் கணினியின் முதுமையின்மேலும் ஏற்றினேன்.

நான்காம் இரவு, வேறு வழியின்றிக் கைந்நூலை முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாது வாசித்தேன். வன்தட்டைத் திறக்கவேண்டிய கோப்பு முறைமையைத் தனிக்கூறாக வைத்தலாகாது, கேர்னலின் உள்ளேயே சேர்த்தல் வேண்டும் என்பது அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. காரணம் எளிது. தனிக்கூறு இருப்பது வன்தட்டில். வன்தட்டைத் திறப்பதற்கோ அத்தனிக்கூறு வேண்டும். வேறு துணைக்கோப்பு எதனையும் நான் அமைக்கவில்லையாதலால், பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவனானேன். அவ்வரியை நான் முன்னரும் கண்டிருந்தேன். கட்டளையன்று, விளக்கந்தானே என்று கொப்பியில் எழுதாது விட்டிருந்தேன்.

அப்போது ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்து என்னை உறுத்தியது. முந்திய ஆண்டு இலக்கண வகுப்பில், இதே மாணவன் எழுந்து, "ஐயா, பதவியல் சொல்லைப் பற்றியதல்லவா? நன்னூலார் அதனை ஏன் எழுத்ததிகாரத்தில் வைத்தார்?" என்று கேட்டான். நல்ல வினா. ஆயினும் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்த நான், "அது பரீட்சைக்கு வராது, நீர் குறிப்பை எழுதும்" என்று கூறி அமர்த்திவிட்டேன். உண்மையில், அவ்வினாவுக்கு விடை அன்று என்னிடம் ஆயத்தமாக இருக்கவில்லை. என் கையில் இருந்ததும் பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய குறிப்புக் கொப்பிதான். மூலத்தையும் உரையையும் திறந்து எத்தனை காலமாயிற்று என்பது எனக்கே தெரியவில்லை.

குறிப்பு என்பது ஒருவன் வாசித்து முடித்ததன் எச்சம். வாசித்தவனுக்கு அது நினைவூட்டும். வாசியாதவனுக்கு அது எதனையும் உணர்த்தாது. இதனை அறியாமல் ஆண்டுதோறும் என் மாணவருக்குத் திறப்பில்லாத பெட்டிகளை வழங்கிவந்தேனோ என்று அவ்விரவில் அஞ்சினேன்.

மறுநாட் காலை கணினி எழுந்தது. அதன்பின்னும் வேலை விரைவில் முடியவில்லை. பழைய கணினியிற் பெரிய மென்பொருளொன்றை ஆக்கப் பல மணித்தியாலங்கள் செல்லும். 2022ஆம் ஆண்டு நாடெங்கும் நெடுநேர மின்வெட்டு வந்தபோது, பாதியில் நின்றவை பல. விட்ட இடத்திலிருந்து வரிசையைத் தொடரும் வழியும் விளக்கப்பக்கத்தில் இருந்தது: முடிந்த பொதிகளை மீள ஆக்கவேண்டியதில்லை, நடுவில் அறுந்ததை மட்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மின்சாரம் வரும்வரை மெழுகுதிரி வெளிச்சத்தில் நன்னூற் காண்டிகையுரையை எடுத்து வாசித்தேன். மாணவனின் வினாவுக்கு விடை கிடைத்தது. புணர்ச்சி என்பது பதத்தோடு பதம் சேரும்போது நிகழ்வது. பதத்தின் இயல்பை அறியாதவனுக்குப் புணரியல்கள் விளங்கா. ஆதலின், எழுத்தியலுக்கும் புணரியல்களுக்கும் இடையே பதவியல் நிற்கின்றது. வன்தட்டைப் பகுத்த பின்னரே அதில் கோப்புகளை விரிக்கலாம் என்பது போன்ற வைப்புமுறை அது.

மொழியமைப்பைத் தெரிவுசெய்யும் படியிற் சிறியதொரு மகிழ்ச்சியும் கிடைத்தது. மொழிகளையும் நாடுகளையும் இணைத்துக் கூறும் நீண்ட பட்டியலில் தமிழ் இந்தியாவுக்கு ஒரு வரியாகவும் இலங்கைக்கு வேறொரு வரியாகவும் இருந்தது. நம் நாட்டு வரியைத் தெரிந்தெடுத்தேன். இக்கட்டுரை அக்கணினியிலேயே எழுதப்பட்டது.

இப்போது என் வகுப்பில் முதலில் மூலத்தை வாசிக்கின்றோம். பின்னர் உரையை வாசிக்கின்றோம். குறிப்பை மாணவரே எழுதுகின்றனர். பாடத்திட்டம் முன்போல் விரைந்து முடிவதில்லை. சில பெற்றோர்க்கு இதிற் குறையும் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் பழைய கொப்பியை மீண்டும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாணவன் பல்கலைக்கழக விடுமுறையில் ஒருநாள் என்னைக் காண வந்தான். அன்று உமக்கு விடை கூறாது விட்டது என் பிழை என்று சொல்லி, பதவியலின் வைப்புமுறையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அன்றைக்கே வீட்டிற் போய் உரையை எடுத்து வாசித்துவிட்டேன், ஐயா" என்றான்.

அவன் என்னிடம் கற்றது எவ்வளவு என்பதை நானறியேன். வாசித்தாற்றான் வரும் என்பதை அவனிடம் நான் கற்றேன். இக்கல்லூரியிற் பயிலும் தம்பிமாரும் அதனைத் தம் ஆசிரியர் கூறும்வரை காத்திராது கற்பாராக.