வலி தணிய ஒரு வார்த்தை

முருகப் பெருமானின் கோபம் தணிந்த இடமாகையால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்து நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்று கணக்கு. மலை மேல் வரையில் மோட்டார் ரஸ்தாவும் இருக்கிறது. ஆனாலும், "படியேறிப் போனால்தான் தரிசனம் பண்ணின மாதிரி" என்று சொல்லும் பெண்மணிகள் அந்த ஊரில் அநேகம். முழங்கால் சம்மதிக்கிற வரையில் அப்படிச் சொல்வார்கள். அப்புறம் மருந்துக் கடைக்காரருடன் சிநேகமாகி விடுவார்கள்!

என் அத்தையும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவள்தான். அறுபத்தாறு வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்ற நிலைமை. "மூட்டை மாற்றிவிட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

மூட்டு மாற்று சிகிச்சை இன்று அதிசயமான விஷயம் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் இடுப்பு மூட்டுக்குச் செய்து காட்டினார். பத்துப் பதினைந்து வருஷங்களில் முழங்காலுக்கும் நல்ல செயற்கை மூட்டு வந்துவிட்டது. நம் பிரதம மந்திரியாக இருந்த வாஜ்பாய், 2000-ம் வருஷம் ஒரு முழங்காலையும் 2001-ல் மற்றொன்றையும் பம்பாயில் மாற்றிக்கொண்டபோது, பத்திரிகை படிக்கிற வீடுகளிலெல்லாம் அதே பேச்சாக இருந்தது. "பிரதம மந்திரியே பண்ணிக்கொண்டார், எனக்கு என்ன பயம்?" என்று அத்தையும் துணிந்து விட்டாள்.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்து, ஒரு முழங்காலை மட்டும் மாற்றினார்கள். எல்லாம் சுபமாக முடிந்தது. அன்று ராத்திரி மரப்பு விட்டதும் ஆரம்பித்தது சோதனை. வழக்கமாகக் கொடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள்; கேட்கவில்லை. இன்னொரு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை. "பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான். அவங்க தூங்கறாங்க பாருங்க" என்றாள் நர்ஸ். இளம் டாக்டர் ஒருவர், "போதை மருந்துப் பழக்கம் ஏதாவது உண்டா?" என்று அத்தையின் காதில் விழும்படியாகவே கேட்டார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் முனகக் கூட இல்லை. முழங்கால் வலியைக் காட்டிலும் அந்தக் கேள்விதான் அவளை அதிகமாகப் புண்படுத்தியது.

மறுநாள் காலையில் மயக்க மருந்து கொடுக்கும் லேடி டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வலிக்கு வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டார்.

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு நான்கு விரல்களைக் காட்டினாள்.

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஏழெட்டு வருஷமாகப் பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் காட்டி, டிராமடாலும் பாரஸிடமாலும் கலந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறாள். முதலில் ஒன்று, அது போதாமல் இரண்டு, கடைசியில் நாலு. ஆபரேஷனுக்கு முன்னால், "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டபோது, ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ளதை மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாள். "இதை ஏன் அத்தை சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அது என்ன மருந்தா, அம்மா? வலி மாத்திரைதானே!" என்றாள்.

அந்த லேடி டாக்டர் எனக்குச் சொன்ன விளக்கத்தை என் பாணியில் சொல்கிறேன். திருத்தணி ரயில்வே லயனுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ராத்திரி கூட்ஸ் வண்டி போனால் விழித்துக்கொள்வதில்லை. விருந்தாளிதான் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்திருப்பார். டிராமடால், மார்ஃபின் போன்ற மருந்துகள் நாள்தோறும் உள்ளே போனால் நரம்புகளும் அப்படித்தான் பழகிப் போகின்றன. மற்றவர்களைத் தூங்க வைக்கும் அளவு, பழகின உடம்புக்கு உறைப்பதில்லை. மருந்துக்காக மனசு ஏங்கி அலைவது வேறு. உடம்பு மருந்துக்குப் பழகிப் போவது வேறு. முன்னதற்கும் சிகிச்சை உண்டு. பின்னது, டாக்டர் சொன்னபடியே ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் வரக் கூடியது. இரண்டிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டாக்டர்கள் தயங்குவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. இத்தகைய மருந்துகள் அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடும். சட்டமும் கடுமை. 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்துக்குப் பின், புற்றுநோயாளிக்குக் கூட மார்ஃபின் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடினதன் பலனாக, 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018-ல் டிராமடாலும் அதே சட்டத்துக்குள் வந்தது.

அத்தைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அதே மருந்தை மேலும் மேலும் ஏற்றவில்லை. அவள் உடம்பு பழகியிருந்த அளவைத் திடீரென்று நிறுத்தாமல், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தொடையில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே, முழங்காலுக்குப் போகும் நரம்பருகே மரப்பு மருந்து செலுத்தினார்கள். பாரஸிடமாலை வலி வரும்வரை காத்திராமல் மணிப்படி கொடுத்தார்கள். ஐஸ் ஒத்தடம் வைத்தார்கள். ராத்திரி முழுவதும் மூச்சைக் கவனித்தார்கள். மூன்றாம் நாள் அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரையில் நடந்தாள். வலி அடங்கினால்தான் கால் மடங்கும். மடக்கிப் பழகாவிட்டால் புது மூட்டு விறைத்துப் போகும். ஆகையால் வலியைத் தணிப்பது வெறும் சௌகரியத்துக்காக அல்ல, சிகிச்சையில் அதுவும் ஒரு பாகம்.

ஊருக்குத் திரும்பினதும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் தினமும் வாசலில் நின்று, "நொப்பி தக்கிந்தா?" என்று கேட்பாள். வலி குறைந்ததா என்று அர்த்தம். முதல் மாதம் அத்தை, "கொஞ்சம்" என்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி வாரா வாரம் மாத்திரையைக் குறைத்து, மூன்றாம் மாதம் அடியோடு விட்டுவிட்டாள். இப்போது, "தக்கிந்தி, தக்கிந்தி!" என்று தெலுங்கிலேயே பதில் சொல்கிறாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்ற நாள் குறித்திருக்கிறீர்களா? அப்படியானால் அலமாரியிலும் தலையணை அடியிலும் உள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, எதையும் விடவேண்டாம். பழகின மாத்திரையை ஆபரேஷனுக்காகத் தாமாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. குறைக்க வேண்டுமானால், முன்னதாகவே டாக்டர் யோசனைப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். கலப்பு மாத்திரையில் பாரஸிடமால் இருப்பது தெரியாமல் தனியாகவும் அதையே சாப்பிட்டால் ஈரல் கெடும். வீடு வந்த பிறகு, நோயாளி எழுப்பினாலும் விழிக்காமல் தூங்கினாலோ, மூச்சு மந்தமானாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, ஜுரம் வந்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதில் கெட்டிக்காரிகள். பொறுக்க முடியாதபோது எதை, எத்தனை விழுங்கினார்கள் என்பதை மட்டும் நாலு பேர் எதிரில் சொல்லமாட்டார்கள். ஆகையால் ஆபரேஷனுக்கு முன்னால், அவர்கள் டாக்டருடன் தனியாகப் பத்து நிமிஷம் பேச வழி செய்து கொடுங்கள். நீங்கள் வராந்தாவில் காத்திருக்கலாம்!