தடங்காட்டியவர்

இரத்தினபுரியிலிருந்து பதுளை செல்லும் நெடுஞ்சாலையில், பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே உள்ள சிற்றூர் ஓப்பநாயக்க. முன்னாளில் களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டியின் கடைசி நிலையம் இதுவே. சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் இங்குத் தங்கிய நாம், ஒருநாள் கிழக்கே மலையேறி அப்புத்தளை சென்றோம். மறுநாள் தெற்கே இறங்கி உடவளவைக் காட்டை அடைந்தோம்.

அப்புத்தளையில்தான் 1845இல் மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி மின்னல் தாக்கி மாண்டார். அவர் சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்பர். அன்று அது குற்றமன்று. யானையின் தலைக்கு அரசே பரிசளித்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முன் மூன்றாண்டுக்குள் 3,500 யானைகள் மடிந்தன என்று எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். மலைநாட்டிலோ கோப்பிக்காகக் காடு அழிந்தது. அத்தோட்டங்களுக்கே நம் மக்கள் கடல் கடந்து வந்தனர். துரைமாருக்குத் தடங்காட்டி முன்னே நடந்தவர் இந்நாட்டுக் கிராமத்தவர். துரையின் கல்லறை நுவரெலியாவில் உள்ளது. தடங்காட்டியவர் பெயரை நாம் எந்நூலிலும் கண்டிலோம்.

உடவளவை 1972 முதல் தேசிய வனம். துப்பாக்கிக்கு இங்கு இடமில்லை; வழிகாட்டிக்கு உண்டு. ஈரமண்ணில் வட்டச் சுவடொன்றைக் கண்டதும் அவர் ஜீப்பை நிறுத்தச் செய்தார்.

"முன்காலடியின் சுற்றளவை நூலால் அளந்து இரட்டியுங்கள், ஐயா, யானையின் தோளுயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும்" என்றார், சிறிதளவே அறிந்த தமிழில்.

"வேட்டைக் காலத்திலும் இப்படித்தான் பார்த்தார்களோ?" என்று மாணவனொருவன் வினவினான்.

"என் பாட்டனாருக்கும் இது தெரியும்" என்று மட்டும் கூறி, அவர் நீர்த்தேக்கக் கரையைச் சுட்டிக் காட்டினார். கன்றுகளோடு ஒரு கூட்டம் நீர் அருந்திக்கொண்டிருந்தது. மற்றவர் அதிலே மெய்ம்மறந்திருக்க, அம்மாணவன் அவர் பெயரைக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.