ராயக்கோட்டையில் பணம் பேசுகிறது!

ஓசூரிலிருந்து தருமபுரிக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது ராயக்கோட்டை. ஊருக்கு மேலே பாறை மலை. மலைமேல் இடிந்து கிடக்கும் கோட்டை. ஊருக்குள்ளே பெயர்பெற்ற தக்காளி மண்டி. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களைவிடத் தக்காளி வாங்க வருகிறவர்களே அதிகம் என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லைப்புறச் சீமை அல்லவா? தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இங்கே காதில் விழும். இப்போது நான்காவதாக ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது. டீக்கடைக் கல்லாவின் மேலுள்ள ஒரு சின்னப் பெட்டி, வந்த பணத்தைக் கணீரென்று அறிவிக்கிறது!

மண்டியில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய கவலை வேறு.

"அவரு கணக்கிலே பணம் கழிஞ்சு போச்சுங்கறாரு. என் கணக்கிலே வந்து சேரலீங்க. நடுவழியிலே பணம் யாரு கையிலே இருக்குது? தக்காளி நாளைக்குக் காத்திருக்குமாங்க?" என்றார்.

பெரிய பெரிய பொருளாதார நிபுணர்களும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கொடுத்தவன் கையை விட்டுப் போய், வாங்குகிறவன் கைக்கு வராத பணத்துக்குப் பொறுப்பாளி யார்?

இந்த மலைக்கோட்டை அதற்கு ஒரு பழைய பதிலைச் சொல்லும். 1791-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினிப் படை இதைப் பிடித்தது. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆயிற்று. திப்பு கொடுக்க வேண்டிய தொகை 3 கோடியே 30 லட்சம் ரூபாய். பாதி உடனே, மீதி தவணையில். அதற்கு ஈடு என்ன தெரியுமா? திப்புவின் இரண்டு பிள்ளைகள்! பாக்கி தீர்ந்து 1794-இல்தான் அந்தக் குழந்தைகள் தகப்பனாரிடம் திரும்பினார்கள்.

நல்ல வேளை, இன்று பிள்ளைகளுக்குப் பதில் சட்டம் ஈடாக நிற்கிறது. 2007-இல் நம் பார்லிமெண்டு பணப் பரிமாற்றத்துக்கென்றே ஒரு சட்டம் செய்தது. ரிசர்வ் வங்கியின் அனுமதியில்லாமல் யாரும் இந்தத் தொழிலுக்குக் கடை விரிக்க முடியாது. 2016-இல் வந்தது யூ.பி.ஐ. 2019-இல் ரிசர்வ் வங்கி நம் பெரியவரின் கேள்விக்கே விடை எழுதியது. ஒருவர் அனுப்பிய பணம் மற்றவருக்குப் போய்ச் சேரவில்லையென்றால், மறுநாளைக்குள் அனுப்பியவர் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும். கடைக்குச் செலுத்தியதானால் ஐந்து நாள் கெடு. தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு!

கடல் கடந்து சிங்கப்பூரைப் பாருங்கள். சின்னஞ்சிறு நாடு, தமிழும் அங்கே ஆட்சிமொழி. 2019-இல் சட்டம் இயற்றி, 2020 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் ஒரே விலங்கு மாட்டவில்லை. நாணயம் மாற்றுகிறவருக்கு ஒரு லைசென்ஸ், சிறு நிறுவனத்துக்கு ஒன்று, பெரிய நிறுவனத்துக்கு ஒன்று என்று மூன்று படி. ஒரே வகைச் சேவையில் மாதம் 30 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பெரிய நிறுவனம். அது வாடிக்கைக்காரர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்கக் கூடாது; தனியே காப்பில் வைக்க வேண்டும், அல்லது வங்கியின் உத்தரவாதம் காட்ட வேண்டும். கம்பெனி முழுகினாலும் ஜனங்களின் பணம் முழுகக் கூடாது என்பதே நோக்கம்.

2023 பிப்ரவரியில் அந்நாட்டின் 'பே நவ்'வையும் நம் யூ.பி.ஐ.யையும் இணைத்தார்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை என்று வரம்பு. அங்கே உழைக்கும் பிள்ளை இங்கே தாயாருக்குப் பணம் அனுப்பக் கைபேசியே போதும் என்றாயிற்று.

ஆனால், சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. எதிராளி தன் கைபேசியில் காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணைப் போட வேண்டிய அவசியமே இல்லை. போடச் சொன்னால் மோசடிதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். அனுப்பிய பணம் நடுவழியில் நின்றால் பரிமாற்ற எண்ணோடு வங்கியில் புகார் எழுதிக் கொடுங்கள். வங்கி மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

அந்தக் காலத்தில் கடன் வசூலாக இரண்டு ராஜகுமாரர்களைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. இன்று ஒரே ஒரு எண்ணைக் குறித்து வைத்தால் போதும்!