முப்பது நோன்பும் நோற்ற பிள்ளை

ரமளான் முடிந்து ஷவ்வால் பிறை காணும் அந்திப் பொழுதில், நம் வீட்டுப் பெண்மக்கள் தத்தமக்கு எத்தனை நோன்பு களாவாயிற்று என்று விரல்விட்டு எண்ணுவது வழக்கம். ஆறு என்பாள் ஒருத்தி. எட்டு என்பாள் மற்றொருத்தி. பத்து வயதுப் பேத்தி மட்டும், தான் முப்பதையும் நோற்றுவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிவாள். அவளுக்கு அது பெருமை. அதே முப்பது, பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் கணக்கில் வந்தாலோ வீடே பேச்சடங்கிப் போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நெமிலிச்சேரியில் நம் இல்லத்திற்கு ஒரு தாய் தம் மகளுடன் வந்தார். வெளிவட்டச் சாலைக்கு அப்பால் மனை வாங்கிச் சிறு வீடு கட்டிக் குடிவந்த குடும்பம். கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. மகளை உள்ளே நம் துணைவியாரிடம் அனுப்பிவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஹஜ்ரத், பிள்ளைக்குப் பதினாறு நடக்குது. இன்னும் பெரிய மனுஷி ஆகல்லே. போன நோன்பிலேயும் ஒண்ணுகூட விடல்லே. இவளுக்குத் தொழுகை, நோன்பு எல்லாம் கடமை ஆயிடுச்சா, இல்லையா?”

நமக்கு இது எளிய மஸ்அலா. பருவமடைந்தமைக்கு உடலில் தோன்றும் அடையாளங்கள் உண்டு; அவை தோன்றாவிடில் ஆண்டுக் கணக்கே அடையாளமாகும். இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுப் போருக்கு முன்வந்தபோது மாநபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. பதினைந்து வயதில் அகழ்ப் போருக்கு வந்தபோது அனுமதித்தார்கள். நாஃபிஉ (ரஹ்) அவர்கள் வாயிலாக இதைக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சிறாருக்கும் பெரியோருக்கும் இடைப்பட்ட எல்லை இதுவே என்று தம் ஆளுநர்களுக்கு எழுதினார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் சொல்லும் அதுவே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பெண்ணுக்குப் பதினேழு என்றார்கள். ஆயினும் அன்னாரின் மாணவர் இருவரும் பதினைந்து என்றே கூற, ஹனஃபி மத்ஹபின் ஃபத்வாவும் அதன்மீதே நிலைத்தது. ஆகவே கடலோரத்து ஷாஃபிஈகளானாலும் உள்நாட்டு ஹனஃபிகளானாலும் நம் மக்களுக்கு விடை ஒன்றே. இவை யாவும் சந்திர ஆண்டுகள் என்பதையும் மறத்தல் கூடாது. பதினைந்து சந்திர ஆண்டு என்பது நாம் பள்ளியில் எழுதிக் கொடுக்கும் வயதில் 14 ஆண்டும் ஏறத்தாழ ஆறரை மாதமும் ஆகும்.

“கடமையாகி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது, அம்மா. தொழட்டும், நோற்கட்டும்” என்றோம். அவரும் துஆச் செய்யச் சொல்லி எழுந்து போனார். ஒரு மஸ்அலாவைத் தெளிவுபடுத்திய நிறைவோடு நாம் கிதாபை விரித்தோம்.

அவர்கள் போன பின் நம் துணைவியார் வந்து, “அந்தப் பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்துச்சே, நீங்க பார்க்கல்லையா?” என்றார். மாதந்தோறும் மூன்று நான்கு நாள் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறதாம். ஓராண்டாக இருக்கிறதாம். ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் கொடுத்துப் பார்த்தார்களாம். “பெரும்பாலும் பிறை தெரியுற சமயத்துலதான் வருதுன்னு தாயே சொல்லுது. வாயுவுக்குப் பிறை தெரியுமாங்க?” என்றார்.

நம்மால் விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில், அந்த வயிற்றுவலிக்கு இரண்டு முறை தண்ணீர் ஓதிக் கொடுத்தவரே நாம்தாம். ஓதியதில் பிழையில்லை, ஓதியதோடு நின்றதே பிழை. முப்பதாண்டு காலமாக ஹைளுடைய பாடத்தை அரபியில் நடத்தி வருகிறோம். குறைந்த நாள் எத்தனை, கூடிய நாள் எத்தனை, நிறம் என்ன என்றெல்லாம் மாணவர்க்குக் கூசாமல் விளக்குகிறோம். அதே செய்தி ஒரு தாயின் வாயிலிருந்து தமிழில் வரும்போது நமக்கு நாணம் வந்து, விரைவாக விடை கூறி அனுப்பிவிடுகிறோம். அறிவுக்கு அரபியும் வெட்கத்திற்குத் தமிழும் என்று யார் பிரித்து வைத்தார்களோ!

அடுத்த மாதம் அப்பிள்ளைக்கு வலியோடு சிறுநீரும் அடைபட்டது. நம் துணைவியார் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு காலை மின்தொடர் வண்டியில் ஒரு பெண் மருத்துவரிடம் சென்றார். வயிற்றின்மீது கருவியை ஓட்டி ஸ்கேன் எடுத்ததில் செய்தி வெளிப்பட்டது. பிள்ளைக்குப் பருவம் தாமதப்படவேயில்லை! மாதவிலக்கு ஓராண்டுக்கு மேலாக மாதந்தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. பிறவியிலேயே கன்னிச்சவ்வு துளையின்றி மூடியிருந்தமையால், இரத்தம் வெளிவர வழியின்றி உள்ளேயே தேங்கி, சிறுநீர்ப் பாதையையும் அழுத்தியிருக்கிறது. ஆயிரம் இரண்டாயிரம் பெண்களில் ஒருத்திக்கு இப்படி அமைவதுண்டாம். சவ்வைச் சிறிது கீறித் திறந்துவிட்டால் போதும். பின்னர் மாதவிலக்கும் மகப்பேறும் மற்றப் பெண்களைப் போலவே அமையும் என்றார் மருத்துவர்.

இதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் தந்தை மறுத்துவிட்டார். “நாளைக்குக் கட்டிக் கொடுக்கிற இடத்தில் என்ன பதில் சொல்றது, ஹஜ்ரத்?” என்பதே அவர் கேள்வி. கன்னிமைக்குச் சான்று அச்சவ்வே என்று ஊர் நம்புகிறது; அதைக் கத்தியால் திறக்க எந்தத் தகப்பன்தான் எளிதில் உடன்படுவான்? அன்றிரவே அவர் இல்லத்திற்குச் சென்றோம். நம் ஃபிக்ஹு நூல்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்து வைத்துள்ளன. தாவிக் குதித்ததாலோ, மாதவிலக்கின் வேகத்தாலோ, காயத்தாலோ, மணமாகாது நெடுங்காலம் இருந்ததாலோ சவ்வு நீங்கிய பெண்ணும் கன்னி என்ற சட்டத்திலேயே இருக்கிறாள் என்று ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா உரைக்கிறது. உடலுறவாலன்றிக் கன்னிமை நீங்குவதில்லை. இதைக் கிதாபை விரித்து வைத்தே காட்டினோம். மனிதர் நெடுநேரம் தலைகவிழ்ந்திருந்தார். மறுநாள் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளை அழைத்துச் சென்றார்.

அன்று முதல், இத்தகைய வினாவோடு வருவோர்க்கு ஏதேனும் பயன்பட வேண்டுமென்று மருத்துவ அன்பர்களிடம் கேட்டும் படித்தும் சிலவற்றை அறிந்துகொண்டோம். அவற்றுள் முதன்மையானது, தோழிகளுக்குப் பின்னால் பூப்பெய்தும் பெண்களில் மிகப் பலர்க்கு நோய் ஏதுமில்லை என்பதே. பெரும்பாலோர் 12க்கும் 14க்கும் இடையில் பூப்பெய்துகின்றனர் என்றாலும் 15 வரை காத்திருப்பதில் தவறில்லை. தாயும் பாட்டியும் தாமதமாகப் பூப்பெய்தியிருந்தால் மகளுக்கும் அவ்வாறே அமையக் கூடும். ஆகவே மகளைக் குறித்துக் கவலைப்படும் தாய், முதலில் தன் வயதை நினைவுகூர்தல் நன்று. வியப்பு யாதெனில், கேட்டால் நம் தாய்மார்க்கு அது நினைவிருப்பதில்லை; சடங்குக்கு வந்த சீர்வரிசை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

இரண்டாவது உணவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நார்வே நாட்டுப் பெண்கள் ஏறத்தாழ 16, 17 வயதிற்றான் பூப்பெய்தினர். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலோ அது 13க்கு இறங்கிவிட்டது. உணவும் உடல்நலமும் மேம்பட்டமையே காரணமென்று டானர் போன்ற ஆங்கில மருத்துவர்கள் காட்டினர். உடலில் போதிய கொழுப்புச் சேராவிடில் மாதவிலக்கு தொடங்காது என்று 1970களில் ரோஸ் ஃபிரிஷ் என்னும் அமெரிக்க அம்மையார் கூறினார். அவர் குறித்த அளவை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் 1994இல் லெப்டின் என்னும் சுரப்பைக் கண்டுபிடித்த பின், கருத்து முற்றும் பிழையன்று என்பது தெரிந்தது. கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தத்தில் கலந்து, உடலில் சேமிப்பு உண்டு என்று மூளைக்குச் செய்தி சொல்வது அச்சுரப்பே. அச்செய்தி கிட்டாவிடில் மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் வாளாவிருக்கும். அது தூண்டாமல் பிட்யூட்டரி இயங்காது. பிட்யூட்டரி இயங்காமல் சூலகம் விழிக்காது. மெலிந்த பிள்ளைக்கும், கடும் ஓட்டப் பயிற்சியோ நடனப் பயிற்சியோ மேற்கொள்ளும் பிள்ளைக்கும் தாமதம் ஏற்படுவது இவ்வாறே. மேனி மெலிய வேண்டுமென்று உணவைத் தள்ளும் பிள்ளைகள் இக்காலத்தில் நம் வீடுகளிலும் உள்ளனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தைக் குறித்து அரசியல் பேசுவோர் பலர். வயிறு நிறைந்த பெண்குழந்தை உரிய காலத்தில் வளர்கிறாள் என்பதும் அதனோடு சேர்த்துப் பேசத் தக்கதே.

நெடுநாள் நோய்களும் பருவத்தைத் தள்ளிப்போடும். தைராய்டுக் குறைவு, கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் தலசீமியா, சிறுநீரக நோய், குடல் நோய் ஆகியன இவ்வகை. காசநோய் நுரையீரலுக்கு மட்டும் உரியதென்று நினைக்கிறோம். அது கருப்பையின் உட்சவ்வையும் பற்றி மாதவிலக்கையே இல்லாமற் செய்துவிடுவதுண்டு.

பிறவி அமைப்பாலும் இது நேரும். டர்னர் நோய்க்குறி என்பது ஏறத்தாழ 2000 பெண்களில் ஒருத்திக்கு. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமையால் உயரம் குறைந்திருக்கும், சூலகம் வளர்ந்திராது. இதை இளமையிலேயே கண்டறிந்தால் வளர்ச்சிக்கும் பருவத்திற்கும் மருந்துண்டு. பதினெட்டில் கண்டறிந்தால் உயரத்திற்குக் காலம் கடந்துவிடும். வேறு சிலர்க்குச் சூலகம் செவ்வனே இயங்கி, மேனி வளர்ச்சியும் குறைவின்றி இருக்க, கருப்பை மட்டும் உருவாகியிராது. இது ஏறத்தாழ 5000 பெண்களில் ஒருத்திக்கு.

எப்போது மருத்துவரை நாடுவது? 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காவிடில், அது தொடங்கி மூன்றாண்டாகியும் பூப்பெய்தாவிடில், எவ்வாறாயினும் 15 நிறைந்துவிட்டால், காத்திருத்தல் கூடாது. மாதந்தோறும் வலி வருமாயின் வயதைப் பாராமலே செல்ல வேண்டும். நம் இமாம்கள் வகுத்த எல்லையும் மருத்துவர் வகுத்த எல்லையும் ஐந்தாறு மாத இடைவெளியில் அருகருகே நிற்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நாம் வியப்போடு குறித்துக்கொண்டோம். அதற்குமேல் அதிலிருந்து எதையும் நிறுவ முற்படவில்லை.

உட்பரிசோதனைக்கு அஞ்சியே பல தாய்மார் போவதில்லை. பெரும்பாலும் அது வேண்டியதேயில்லை. உயரம், எடை, இரத்தப் பரிசோதனை, வயிற்றின்மீது ஸ்கேன், தேவைப்பட்டால் இடக்கை எலும்புக்கு ஓர் எக்ஸ்ரே ஆகியவற்றோடு முதற்கட்டம் முடிந்துவிடும். செலவுக்கு அஞ்சுவோர்க்கு, 1844இல் பிரசவ மருத்துவமனையாகத் தொடங்கிய எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனை உண்டு. நெமிலிச்சேரியிலிருந்து ஒரு மின்தொடர் வண்டித் தொலைவுதான்.

“கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்று ஒரு பேச்சு நம் பெண்டிரிடையே உலவுகிறது. இதைவிடக் கொடிய பேச்சை நாம் கேட்டதில்லை. எதுவும் சரியாவதில்லை. முதலிரவிலோ முதலாண்டிலோ உண்மை வெளிப்பட்டு, அப்பெண் குற்றவாளியைப் போலத் தாய்வீடு திரும்புகிறாள். நாட்டுச் சட்டம் பெண்ணுக்குப் 18 என்று வரையறுத்திருக்கிறது. அதற்கு முன்னுள்ள ஆண்டுகள் மருத்துவத்திற்கு உதவட்டும். மாதவிலக்கே காணாத பெண்கள் உலகில் உண்டென்பதை மார்க்கம் அறியாமலில்லை. அவர்களது இத்தாவை மாதக் கணக்கால் வகுத்துத் தந்திருக்கிறது. இறைமறையே இடமளித்துப் பேசியவர்களைப் பற்றி அண்டை வீட்டார் ஏன் குசுகுசுக்க வேண்டும்?

குசுகுசுப்பதற்குக் காரணம் நம் சடங்குகளே என்பது நம் கருத்து. பந்தலிட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒரு சிறுமியின் உடற்செய்தியை ஊரறியச் செய்தால், பந்தல் எழாத வீட்டின் செய்தியும் ஊரறிந்ததாகிவிடும். உடலின் இரகசியத்தைப் பொதுவில் பேசுவதன் கொடுமையைத் தமிழ்நாடு ஒரு முறை கண்டது. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். அன்னாரது மருத்துவ விவரம் நமக்கு வேண்டுவதன்று. ஆயின் அப்பெண்மணி தனியறையில் அறிய வேண்டிய செய்தியை உலகம் முழுதும் தொலைக்காட்சியில் அறிந்தது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு பதறுகிறது.

நாம் சொல்லத் தொடங்கிய பிள்ளை நலமாக இருக்கிறாள். சிகிச்சை முடிந்த சில நாட்களில் தாய் மீண்டும் வந்தார். இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை.

“உள்ளுக்குள்ளேயே வந்துக்கிட்டு இருந்திருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்களே, ஹஜ்ரத். அப்போ அந்த நாள்ல அவ பிடிச்ச நோன்பெல்லாம் கூடுமா? திருப்பிப் பிடிக்கணுமா?”

இரத்தம் வெளிப்பட்டால்தான் ஹைளுடைய சட்டம் தொடங்கும். வெளிப்படாத வரை அவள் தூய்மையுடையவளே. ஆகவே அந்த நோன்புகள் யாவும் நிறைவேறியவையே, ஒன்றையும் திருப்பி நோற்க வேண்டியதில்லை என்றோம். பிறகு, வலி முற்றிலும் நின்றுவிட்டதா, மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் எது என்று கேட்டோம். வரும் வியாழன் என்றார்.