எட்டுல ஒண்ணு

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடுறேன். கடையில நீங்க "லவ் பேர்ட்ஸ்"னு கேட்டு வாங்குற அந்தக் குட்டிப் பறவை லவ் பேர்டே இல்ல. அதோட பேரு பட்ஜெரிகர், சுருக்கமா பட்ஜி. உண்மையான லவ் பேர்டுக்குச் சொந்த ஊரு ஆப்பிரிக்கா, இதுக்கு ஆஸ்திரேலியா. இதை எங்க தங்கச்சிமடத்துல போய்ச் சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்க. எங்க அம்மாவே இன்னைக்கும் போன்ல "ஒன் லவ் பேர்ட்ஸ் நல்லா இருக்குடா, நீ ஒழுங்கா சாப்புட்டியா?"ன்னுதான் கேப்பாங்க. (நம்ம ஊரு பச்சைக்கிளியைக் கூண்டுல வளர்த்தா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவைங்கறதால அந்தச் சிக்கல் இல்ல. இதையும் நெறைய பேர் குழப்பிக்குறாங்க.)

2020-ல பத்தாவது பரீட்சையே எழுதாம பாஸான பேட்ச் நான். அந்த லாக்டவுன்ல மாமா வீடு மாறும்போது ஒரு ஜோடி பட்ஜியை எங்க வீட்டுல விட்டுட்டுப் போனார். ரெண்டும் பச்சை. ஒரு மண்பானையைக் கூண்டுல கட்டி விட்டோம். நாலு குஞ்சு பொரிச்சது. அதுல ஒண்ணு வானம் மாதிரி நீலம்.

பச்சைக்கும் பச்சைக்கும் எப்படி நீலம் பொறக்கும்? அம்மா பெட்டையை ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் மெண்டலைத் தேடிப் போனேன்.

விஷயம் இதுதான். பட்ஜியோட இறகுல நீலச் சாயம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இறகோட நுண்ணமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கும்போது நம்ம கண்ணுக்கு நீலமா தெரியுது. அது மேல மஞ்சள் நிறமி சேர்ந்தா பச்சை. மஞ்சள் இல்லன்னா நீலம். 1840-ல ஜான் கூல்ட் ஆஸ்திரேலியாவுலேருந்து உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பட்ஜி எல்லாம் பச்சைதான். நீலம் அப்புறம், அந்த நூற்றாண்டோட கடைசியில, ஐரோப்பாக் கூண்டுகள்ல தலைகாட்டினது. அது ஏன்னு மரபணு அளவுல தெரிய 2017 வரைக்கும் ஆச்சு. 'செல்' இதழ்ல வந்த ஆய்வு அது. மஞ்சள் நிறமியைத் தயாரிக்குற ஒரு என்சைம்ல, ஆர்ஜினின் இருக்க வேண்டிய ஒரே ஒரு இடத்துல ட்ரிப்டோபேன் வந்து உக்காந்துடுச்சு. அவ்வளவுதான், மஞ்சள் போச்சு. இந்த நீல மரபணு ஒடுங்கு மரபணு. அப்பா அம்மா ரெண்டு பேருக்குள்ளயும் அது ஒளிஞ்சு கெடந்தாதான் குஞ்சு நீலமாகும். ஆக பெட்டை மேல ஒரு தப்பும் இல்ல. அம்மாகிட்ட சொல்லி அதோட மானத்தைக் காப்பாத்தினேன்.

அதுக்கப்புறம் எனக்குப் பித்து புடிச்சிடுச்சு. அல்பினோ எடுக்கணும். பால் வெள்ளை உடம்பு, சிவப்புக் கண்ணு.

அல்பினோன்னா நீலமும் 'ஐனோ'வும் ஒரே பறவையில சேரணும். ஐனோ மரபணு கருப்பு நிறமி மெலனினைத் தூக்கிடும். பச்சைப் பறவையில அது வந்தா முழு மஞ்சள், லூட்டினோ. நீலத்துல வந்தா மிச்சம் ஒண்ணும் இல்ல, வெள்ளை. இதுல இன்னொரு சுவாரசியம், ஐனோ இசட் குரோமோசோம்ல இருக்கு. பறவைகள்ல ஆணுக்கு ரெண்டு இசட், பெட்டைக்கு ஒண்ணுதான். அதனால பெட்டைக்கு ஐனோ ஒண்ணு வந்தாலே வெளிய தெரிஞ்சிடும், ஆணுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். நம்ம ஊருல பொண்ணு எது பண்ணாலும் உடனே தெரியுமே, அது மாதிரி.

2022-ல ராமநாதபுரம் போய் ஒரு லூட்டினோ ஆண் வாங்கிட்டு வந்து, என் நீலப் பெட்டையோட விட்டேன். பொறந்த ஆண் குஞ்சு எல்லாம் பாக்க சாதா பச்சை. ஆனா உள்ள நீலம் ஒண்ணு, ஐனோ ஒண்ணு, நிச்சயம். அண்ணன் தங்கச்சியைச் சேர்க்கக் கூடாதுன்னு பரமக்குடியிலேருந்து சம்பந்தமே இல்லாத ஒரு நீலப் பெட்டையைக் கொண்டுவந்து, அதுல ஒருத்தனுக்கு ஜோடி போட்டேன். நோட்டுல கட்டம் போட்டுப் பார்த்தா எட்டுல ஒண்ணு அல்பினோ.

2024 மே மாசம், செமஸ்டர் லீவு. அப்பாவும் வீட்டுல. அவர் விசைப்படகுல போறவர், ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் தடைக்காலம். ரெண்டு பேரும் சும்மாதானே இருக்கோம்னு, பானைக்குப் பதிலா பிளைவுட்ல பெட்டி அடிச்சோம். டிசைன் நான். சைடுல காத்துப்போக்கி, சாய்வான மூடி, திறந்து பார்க்கக் கீல். அப்பா அடிப்பலகையைத் தடவிப் பார்த்துட்டு, "அடி இப்புடித் தட்டையா இருக்கே, பானை மாதிரி ஒரு குழி வேணாமாடா?"ன்னார். "மரத்தூள் போடுறோம்லப்பா, போதும்"னேன். மெக்கானிக்கல் படிக்கிற பையன் சொல்றான்னு அவரும் விட்டுட்டார்.

அஞ்சு முட்டை. பதினெட்டாவது நாள்லேருந்து ஒண்ணு விட்டு ஒரு நாள் பொரிய ஆரம்பிச்சு, நாலு குஞ்சு வந்தது. மூணாவது குஞ்சுக்கு மூடியிருந்த இமை வழியாவே கண்ணு சிவப்பாத் தெரிஞ்சது. மாடியில நின்னு கத்தினதுல பக்கத்து வீட்டு அக்கா என்னமோன்னு ஓடி வந்துட்டாங்க.

அதுக்கப்புறம் தினமும் பெட்டியைத் திறந்து கலரைத்தான் பார்த்தேன். காலைப் பார்க்கல.

பதினாறாவது நாள் என் தங்கச்சிதான் சொன்னா, "அண்ணே, இது என்ன தவளை மாதிரி படுத்துக் கெடக்கு?" ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சு கெடந்தது. மத்த மூணுல இன்னொண்ணுக்கும் லேசா அப்படித்தான். எனக்கு முதல்ல வந்த சந்தேகம் மரபணு மேல. கட்டத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ரெண்டு தலைமுறை பின்னாடி போனேன். ஆனா அதே அப்பனோட கூடப் பொறந்த இன்னொரு ஆண் பக்கத்துக் கூண்டுல பானையில குடும்பம் நடத்திட்டு இருந்தான். அவன் குஞ்சு அத்தனையும் திடமா நின்னுச்சு. பெட்டை மரத்தூளை முதல் வாரமே அலகால வெளிய தள்ளிடுச்சு. வழுவழு பிளைவுட் மேல, அம்மா உடம்போட பாரம் அழுத்த, பிடிமானம் இல்லாம குஞ்சோட கால் வழுக்கி வழுக்கி விரிஞ்சே போச்சு. பானையோட குழி காலை உள்பக்கமா அணைச்சுப் பிடிக்கும். அந்தச் செலவில்லாத டிசைனைத் தூக்கிப் போட்டது நான்.

எலும்பு இளசா இருக்கும்போது ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டினா சரியாகும்னு படிச்சேன். தங்கச்சி பாத்திரம் தேய்க்குற புது ஸ்பாஞ்சை வெட்டி, ரெண்டு ஓட்டை போட்டு, காலை அதுல நுழைச்சா. அவ கை நடுங்கல, எனக்குத்தான் நடுங்குச்சு. லேசா இருந்த குஞ்சுக்கு ஒரு வாரத்துல சரியாச்சு. வெள்ளைக்கு இடது கால் மட்டும் வந்தது. வலது கால் இன்னும் வெளிப்பக்கம்தான்.

அது வளர்ந்ததும் பறவை வளர்க்குற ஒருத்தர் வாட்ஸ்அப்ல விலை கேட்டார். போட்டோ அனுப்பினேன். கால் தெரியாத ஆங்கிள்ல. 1500-க்கு உடனே சரின்னுட்டார். தங்கச்சி எட்டிப் பார்த்து, "காலைச் சொல்லிட்டியா?"ன்னா. கொஞ்ச நேரம் போனையே பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்ல.

இப்ப அது எங்க வீட்டுலதான் இருக்கு. தங்கச்சி வச்ச பேரு 'நுரை'. அப்பா கரையிலேருந்து கணவாய் ஓடு பொறுக்கிட்டு வந்து கூண்டுல மாட்டுவார், கால்சியத்துக்கு. கடையில அதையே 'கடல் நுரை'ன்னு காசுக்கு விப்பாங்க, அதுலேருந்து வந்த பேரு. நல்லாப் பறக்கும். ஆனா குச்சியைப் பிடிச்சு நிக்க முடியாது. அதுக்கு உக்காரத் தட்டையா ஒரு பலகை வேணும். போன தடைக்காலத்துல அப்பா அந்தப் பெட்டியைப் பிரிச்சு, அதோட அடிப்பலகையை வெட்டிக் கூண்டு ஓரமா அடிச்சுக் கொடுத்துட்டார். வழுக்காம இருக்க, மேல பழைய வலைத்துண்டு ஒண்ணைச் சுத்தியிருக்கார்.