கைப்பிடியும் விளக்கும்

கொள்ளேகாலுக்கு அருகே, சிவசமுத்திரத்தில், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அருவியாக வீழ்கிறது. அந்நீரின் வேகத்தைக் கொண்டு 1902ஆம் ஆண்டில் மின்சாரம் உண்டாக்கப்பட்டது. அது ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே சென்று, கோலார் தங்கச் சுரங்கங்களின் பொறிகளை இயக்கியது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தோர் பலர்.

இதனைப் பாடநூலில் படிக்கும் மாணவர், நீர் வீழ்ந்தால் சக்கரம் சுழலும், சக்கரம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்று பிழையின்றி எழுதிவிடுவர். ஆனால், ஒரு விளக்கை எரியவைக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை எழுத்து உணர்த்துவதில்லை; கைதான் உணர்த்தும்.

அறிவியல் அருங்காட்சியகங்கள் அதற்காகவே உள்ளன. பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டி, பொறியாளர் விசுவேசுவரய்யாவின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தை 1962இல் நேரு திறந்துவைத்தார். விசுவேசுவரய்யாவின் பெயர் சிவசமுத்திரத்தோடும் தொடர்புடையது. அவர் முன்னின்று எழுப்பிய கிருஷ்ணராஜ சாகர் அணையின் நோக்கங்களுள் ஒன்று, அங்குள்ள மின்நிலையத்திற்கு ஆண்டு முழுவதும் நீர் கிடைக்கச் செய்வதாகும்.

இத்தகைய அருங்காட்சியகங்களில் வழக்கமாகக் காணப்படும் காட்சிப்பொருள் ஒன்று மிக எளியது: ஒரு கைப்பிடி, அதனோடு இணைந்த மின்னாக்கி, சில விளக்குகள். விளக்குகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுழற்றினால் கைப்பிடி இலேசாக ஓடும். ஒரு விளக்கை இணைத்தவுடன் கனக்கும். இரண்டாவதையும் சேர்த்தால் இன்னும் கனக்கும். கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டம் சுழற்சியை எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பை வெல்லத் தோள் செலவிடும் ஆற்றலே ஒளியாகிறது. "ஏன் கனக்கிறது?" என்னும் வினா பலகையில் எழுதப்படாமலே சிறுவர் வாயில் பிறந்துவிடும்.

பொத்தானை அழுத்தினால் தானே இயங்கும் காட்சிப்பொருள்கள் வேறு வகையின. சிறுவர் அழுத்துவர், அது இயங்கி முடிவதற்குள் அடுத்ததற்கு ஓடுவர். குற்றம் அவர்களுடையதன்று, அவர்கள் செய்வதற்கு அங்கே வேறொன்றும் வைக்கப்படவில்லை. பிராங்க் ஓப்பன்ஹைமர் என்னும் இயற்பியலாளர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில், பார்வையாளர் தாமே மாற்றி மாற்றிச் செய்து பார்க்க இடமளித்தார். பலர் கைபட்டால் கைப்பிடி உடையத்தான் செய்யும். ஆகவே, இவ்வகை அருங்காட்சியகத்திற்குக் கண்ணாடிப் பேழையைவிடப் பழுதுபார்க்கும் பட்டறையே முதன்மையானது.

எல்லாரும் பெருநகரத்திற்குச் செல்ல இயலாதன்றோ? கொல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் 1965இலேயே காட்சிப்பொருள்களைப் பேருந்தில் ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கியது.

கொள்ளேகால் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு இராட்டை சுற்றிப் பழகிய தமிழ்ப் பாட்டி ஒருவர் அக்கைப்பிடியைப் பற்றுவதாகக் கொள்வோம். பலகையிலுள்ள கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாவிடினும், கனம் கூடியதை மற்றவர்க்கு முன்னரே அவர் அறிவார். காரணத்தைத் தமிழில் சொல்லப் பேரனோ பேத்தியோ வேண்டும். பள்ளியில் ஆங்கிலத்தில் கற்ற பிள்ளைக்கு அங்கேதான் நாக்குத் தடுமாறும். மின்னாக்கி என்னும் சொல் நினைவுக்கு வராவிட்டால் போகட்டும். "விளக்கு எரிய உங்கள் கையின் பலத்தை எடுத்துக்கொள்கிறது, பாட்டி" என்றால் அவருக்கு விளங்கிவிடும். உடனே அவர், "அப்படியானால் அருவிக்குக் கை வலிக்காதா?" என்று கேட்பார். அதற்கு விடை கூற, கடல்நீரை மேகமாக்கி மலைமேல் ஏற்றும் கதிரவன்வரை பிள்ளை போகவேண்டியிருக்கும்.