உபகாரப்பணம் வேண்டி ஒரு கடிதம்

1945இல் தொடங்கிய இலவசக் கல்வி, 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னரே எம் லயங்களைச் செவ்வனே எட்டியது. கல்வி இலவசம், விடுதிச் சோறு அன்று. கல்லூரி ஈந்த உபகாரப்பணம் போதாமையின், கூட்டித்தர வேண்டி, விடுமுறையில் நோர்வூட்டிலிருந்து அதிபருக்குக் கடிதம் வரைந்தோம். "வறுமைக் கடலில் தத்தளிக்கும்" என்று தொடங்கினோம். தோட்டப் பாடசாலை ஆசிரியர் நகைத்தார்: "கடல் வேண்டாம் தம்பி, கணக்கு எழுது."

அம்மாவிடம் கேட்டோம். மாசி வறட்சியில் கொழுந்து குறைய, ஒன்பது நாள் அரைப்பேர், அரைநாட் கூலியே. "அரைப்பேரை மட்டும் எழுதாதே" என்றார். மலையில் கைவேகத்திற்குப் பேர்போனவர் அவர். எழுதினோம். வாசித்துக் காட்டுகையில் அவ்வரியை விழுங்கினோம். உபகாரப்பணம் கூடிற்று. அவ்வரியை அம்மாவிடம் இன்றுவரை சொன்னோமில்லை.